பொருளாதாரம் படிக்கிற பொண்ணுக்கு நம்ம பணம்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் நோட்டில் எழுதி வைத்துப் படித்ததை அப்படியே கொடுத்திருக்கிறோம்.)

 

எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவ. அதனால நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன், பார்த்தே படிக்கிறேன்.

இன்னிக்குத் தீர்மான நோட்டுல ஏழாவதா இருக்கிற விஷயம்தான் நான் பேசப் போறது. இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சு, பிறகு காலேஜ்ல பொருளாதாரம் படிச்சு, இப்போ வெளியூர்ல வேலையில இருக்கிற ஒருத்தர் நம்ம கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதியிருக்கார். உங்க உறுப்பினர் வீட்டுப் பொண்ணு யாராவது டிகிரிக்குப் பொருளாதாரம் எடுத்தா வருஷா வருஷம் உதவித்தொகை தர்றேன், ஆனா நான் போடுற அளவுக்கு நீங்களும் போடணும், என் பேர் எங்கேயும் வரக் கூடாதுன்னு எழுதியிருக்கார். அவ்வளவுதான் கடிதம், ஒரு பக்கம் கூட இல்லை.

போன கூட்டத்துல இதைப் படிச்சுக் காட்டினதும் ஒரே சத்தம். "நர்ஸ் படிப்புக்குக் கொடுத்தாலாவது ஊருக்கு ஊசி போட ஆள் கிடைக்கும், பொருளாதாரம் படிச்சா யாருக்கு என்ன லாபம்?"னு ஒரு அத்தை கேட்டாங்க. "அவர்கிட்ட இருக்கு, தர்றார். நம்மகிட்ட எங்கே இருக்கு?"ன்னு இன்னொரு அக்கா கேட்டாங்க. ரெண்டும் நியாயமான கேள்வி. நம்ம பணம் அஞ்சு அஞ்சு ரூபாயா சேர்த்த பணம், கேட்கத்தான் வேணும். அந்த ரெண்டு கேள்வியும் மனசுல உறுத்திக்கிட்டே இருந்ததால, எம்.ஏ. படிக்கிற எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணுகிட்ட புத்தகம் கேட்டு வாங்கி, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் படிச்சுப் பார்த்தேன். புரியாததை அதுகிட்டயே கேட்டேன்.

முதல்ல அந்தப் பொண்ணு எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு கணக்கைச் சொல்றேன். நம்ம தெருவுக்கு வாரா வாரம் வண்டியில வந்து கடன் கொடுக்கிறாங்க இல்லையா, யார் எவர்னு பேர் வேணாம். பத்தாயிரம் ரூபாய் கடன், வருஷத்துக்கு 12 சதவீதம்தான் வட்டின்னு சொல்றாங்கன்னு வெச்சிக்குங்க. பன்னிரண்டு மாசத் தவணை. வட்டி 1,200 ரூபாய். கேட்கிறதுக்கு, மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய்தானேன்னு தோணும். ஆனா ஒவ்வொரு மாசமும் அசலைக் கட்டிக்கிட்டே வர்றோம். ஆறாவது மாசம் முடியறப்போ பாதிக்கடன் அடைஞ்சு போச்சு. அப்பவும் முழுப் பத்தாயிரத்துக்கும்தான் வட்டி எடுக்கிறாங்க. மீதி இருக்கிற அசலுக்கு மட்டும் அதே நூத்துக்கு ஒரு ரூபாய்னு போட்டா வருஷத்துக்கு 650 ரூபாய்தான் வரும். மேற்கொண்டு 550 ரூபாய் நம்ம முந்தானையில இருந்து போகுது. உண்மையான வட்டி 12 இல்லை, ஏறக்குறைய 21, 22 சதவீதம். காலண்டர் தாளுக்குப் பின்பக்கத்துல அந்தப் பொண்ணு போட்டுக் காட்டினதும் எங்க குழுவுல ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அதுல ரெண்டு பேர் அந்த மாதிரிக் கடன்ல இருந்தாங்க.

பொருளாதாரம் படிச்சவளால என்ன லாபம்னு கேட்ட அத்தைக்கு இது ஒரு பதில். ஊசி போடறதும் வேணும். நம்ம ரத்தத்தை உறிஞ்சறது எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்ற ஆளும் வேணும்.

இன்னொண்ணு சொல்றேன், இது நம்ம பக்கத்து ஊர்க் கதை. காஞ்சிபுரத்துல இருந்து பாலாத்தைத் தாண்டி செய்யாறு போற வழியில தூசின்னு ஒரு ஊர் இருக்கு. தூசி மாமண்டூர் ஏரின்னா எல்லாருக்கும் தெரியும், நம்மள்ல சில பேருக்குப் பொறந்த வீடே அந்தப் பக்கம்தான். 1915-ல மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்குப் பொருளாதாரப் பேராசிரியரா கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அங்கே பொருளாதாரத்துக்கு அவர்தான் முதல் பேராசிரியர். புத்தகத்துல இருக்கிற இங்கிலாந்துக் கதையை மட்டும் படிச்சா போதாது, லீவுக்கு அவங்கவங்க ஊருக்குப் போய்க் கணக்கெடுத்துக்கிட்டு வாங்கன்னு மாணவர்களை அனுப்பினார். ஊர்ல எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாருக்குக் கடன், கூலி என்ன, என்ன சாப்பிடறாங்கன்னு எழுதிக்கிட்டு வந்தாங்க. அதெல்லாம் 1918-ல புத்தகமா வந்துச்சு. அதுல தூசியும் ஒண்ணு. இருபது வருஷம் கழிச்சு, 1930-கள்ல, யூனிவர்சிட்டி திரும்பவும் அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பி, என்ன மாறிச்சு, என்ன மாறலைன்னு பார்த்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம பாட்டிக்குப் பாட்டி என்ன கூலி வாங்கினாங்கன்னு நம்ம வீட்டுல யாருக்காவது தெரியுமா? கோயில் கல்வெட்டுல ராஜா பேர் இருக்கு, நிலம் எழுதி வெச்சவங்க பேர் இருக்கு. நாத்து நட்டவங்க கூலி அதுல இல்லை. அதைப் போய்க் கேட்டு எழுதினது இந்தப் பொருளாதாரம் படிச்ச பசங்கதான். அவங்க எல்லாரும் ஆம்பளைப் பசங்க. வீட்டுக்குள்ள பொம்பளைங்க செய்யற வேலைக்கு என்ன கணக்குன்னு அவங்களுக்குக் கேட்கத் தோணியிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஒரு பொண்ணு போயிருந்தா கேட்டிருக்கும்.

அந்தக் கதை அங்கேயே முடியலை. அது எப்படித் தொடர்ந்துச்சுங்கறதுலதான் நம்ம தீர்மானத்துக்குப் பதில் இருக்கு.

மால்கம் ஆதிசேஷையான்னு ஒருத்தர். 1910-ல வேலூர்ல பிறந்தவர். சென்னை லயோலா காலேஜ்ல படிச்சார், பிறகு லண்டன், கேம்பிரிட்ஜ்னு போய்ப் பொருளாதாரம் படிச்சார். திரும்பி வந்து தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஐக்கிய நாடுகள் சபையோட கல்வி அமைப்பு இருக்கே, யுனெஸ்கோ, அதுல பாரிஸ்ல பல வருஷம் வேலை பார்த்து, துணைத் தலைமை இயக்குநர் வரைக்கும் வந்தார். அவ்வளவு பெரிய உத்தியோகம் பார்த்துட்டு ஓய்வுக்கு வர்றவர் என்ன செய்வார்? பெரிய வீடா கட்டிக்கிட்டு, தான் படிச்ச காலேஜுக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்து, அதுல பெரிசா பேரு எழுதிக்குவார். அப்படிச் செய்யறதும் நல்ல காரியம்தான், நான் குறை சொல்லலை.

ஆனா இவரும் இவர் மனைவி எலிசபெத் அம்மாவும் சேர்ந்து 1971 ஜனவரியில சொந்தப் பணத்தைப் போட்டு சென்னை அடையாறு காந்தி நகர்ல ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்னு பேர். தமிழ்நாட்டு ஏழைங்க வாழ்க்கை, விவசாயம், கூலி, படிப்பு, ஆஸ்பத்திரி இதையெல்லாம் பொருளாதாரம் படிச்சவங்க உட்கார்ந்து ஆராயறதுக்கு ஒரு இடம். ஆதிசேஷையா அப்புறம் மெட்ராஸ் யூனிவர்சிட்டி துணைவேந்தரா இருந்தார், பத்மபூஷண் வாங்கினார், 1994-ல காலமானார். அவர் ஆரம்பிச்ச இடம் இன்னிக்கும் இருக்கு. பிஎச்.டி. படிக்கிற பிள்ளைங்க அங்கே படிக்கிறாங்க. அந்த தம்பதி பேர்ல இருக்கிற அறக்கட்டளை வருஷா வருஷம் ஒரு ஆராய்ச்சியாளருக்கு விருதும் கொடுக்குது.

இப்போ தூசிக்கு வாங்க. அந்த நிறுவனத்துல எஸ். குகன்னு ஒருத்தர் இருந்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரியா தமிழ்நாடு அரசுல நிதித்துறைச் செயலாளரா இருந்துட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து தூசியைத் திரும்பவும் ஆராய்ஞ்சு 1984-ல எழுதினாங்க. ஸ்லேட்டரோட மாணவர் எடுத்த அதே ஊர்க் கணக்கை எழுபது வருஷம் கழிச்சுத் தொடர்ந்து எழுதினாங்க. இதே குகன்தான், நிலம் இல்லாதவங்க, வயசானவங்க, புருஷனை இழந்தவங்க இவங்களுக்கெல்லாம் அரசாங்கம் மாசா மாசம் ஏதாவது கொடுத்தே ஆகணும், அதுக்குப் பணம் இல்லைன்னு சொல்றது சரியில்லைன்னு கணக்குப் போட்டு எழுதிக்கிட்டே இருந்தவர். இன்னிக்கு நம்ம ஊர்ல முதியோர் பென்ஷன், விதவைப் பென்ஷன் வாங்கறவங்க எத்தனை பேர்? என் மாமியார் வாங்கறாங்க. பென்ஷன் கொடுத்தவர் குகன்னு நான் சொல்லலை, அது ரொம்ப நாளா பல பேர் சேர்ந்து செஞ்சது. ஆனா அதை இரக்கமா பார்க்காம கணக்கா, உரிமையா எடுத்துச் சொல்றதுக்கு ஒரு படிச்ச ஆளும், அவர் உட்கார்ந்து எழுத ஒரு இடமும் வேணும் இல்லையா? அந்த இடம் பொருளாதாரம் படிச்ச ஒருத்தர் தன் பணத்தைப் போட்டதால வந்துச்சு.

சரி, ஆதிசேஷையா பெரிய உத்தியோகம் பார்த்தவர், நம்மகிட்ட என்ன இருக்குன்னு ரெண்டாவது கேள்வி. அதுக்கு நான் இன்னொருத்தர் கதையைச் சொல்றேன். அவர் பேர் எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் படிச்சது பொருளாதாரம்னு எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை.

டாக்டர் அம்பேத்கர். சட்டம் எழுதினவர், கோட்டு போட்டுக்கிட்டு புத்தகத்தோட நிக்கிறவர்னுதான் நாம பார்த்திருக்கோம். அவர் பம்பாய் எல்பின்ஸ்டன் காலேஜ்ல பி.ஏ. முடிச்சதும் 1913-ல பரோடா மகாராஜா அவருக்கு உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். மூணு வருஷம், மாசம் பதினொன்றரை பவுன். நியூயார்க் கொலம்பியா யூனிவர்சிட்டியில 1915-ல பொருளாதாரத்துல எம்.ஏ. வாங்கினார். அங்கே இருந்து மேற்படிப்புக்கு லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிஞ்சு போச்சு, 1917-ல படிப்பைப் பாதியில விட்டுட்டுத் திரும்ப வேண்டியதாப் போச்சு. ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. அம்பேத்கருக்கே பணம் இல்லாம படிப்பு நின்னுச்சு. நம்ம ஊர்ல ரெண்டாவது வருஷத்தோட காலேஜை விட்ட பொண்ணுங்களைப் பார்த்து "அதுக்குப் படிப்பு ஏறலை"ன்னு பேசறோமே.

அப்புறம் பம்பாயில பேராசிரியர் வேலை பார்த்து, வயித்தைக் கட்டிச் சேர்த்த பணம் கொஞ்சம், கோலாப்பூர் மகாராஜா கொடுத்தது கொஞ்சம், சிநேகிதர்கிட்ட வாங்கின கடன் கொஞ்சம்னு சேர்த்து 1920-ல திரும்ப லண்டன் போனார். படிப்பை முடிச்சு ரூபாயோட பிரச்சினையைப் பத்திப் புத்தகம் எழுதினார். 1923-ல அது வந்துச்சு.

அந்த வருஷங்கள்ல அவர் மனைவி ரமாபாய் அம்மா எங்கே இருந்தாங்க? பம்பாயில, கைக்கும் வாய்க்கும் பத்தாத குடும்பத்தை நடத்திக்கிட்டு இருந்தாங்க. சாணி பொறுக்கி வறட்டி தட்டிக் குடும்பம் நடத்தினாங்கன்னு சொல்லுவாங்க. அஞ்சு பிள்ளைங்க பெத்து நாலைப் பறிகொடுத்தாங்க. 1935-ல அந்த அம்மாவும் போயிட்டாங்க. பின்னால அம்பேத்கர் ஒரு புத்தகத்தையே அவங்க நினைவுக்குன்னு எழுதி வெச்சார். மகாராஜா கொடுத்த உதவித்தொகை எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. வறட்டிக் கணக்கை எந்தப் புத்தகத்துல தேடறது? நம்மகிட்ட என்ன இருக்குன்னு கேட்ட அக்காவுக்கு நான் சொல்றது இதுதான்: ஒரு படிப்புக்குப் பின்னால பெரிய பணம் ஒண்ணு வெளியே தெரியும், சின்னப் பணம் பத்து உள்ளே தெரியாம இருக்கும். அந்தச் சின்னப் பணம் போடறது இதுவரைக்கும் நாமதான் போட்டுக்கிட்டு இருக்கோம். காதுத் தோட்டை அடகு வெச்சது யாரு? ஆட்டுக்குட்டியை வித்தது யாரு? தனித்தனியா, யாருக்கும் தெரியாம, கடன்பட்டுச் செஞ்சதை எல்லாரும் சேர்ந்து கணக்கு வெச்சு செய்வோம்னுதான் இந்தத் தீர்மானம் கேட்குது.

அம்பேத்கர் என்ன செஞ்சார்ங்கறதையும் சொல்லணும். 1942-ல வைஸ்ராய் நிர்வாகக் குழுவுல உறுப்பினரா ஆனதும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைங்க மேல்படிப்புக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கணும்னு வற்புறுத்தினார். பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கான அந்த உதவித்தொகை 1944-ல ஆரம்பிச்சது. இன்னிக்கு வரைக்கும் நடக்குது. இங்கே உட்கார்ந்திருக்கிறவங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க அந்த ஸ்காலர்ஷிப் ஃபாரம் எழுதியிருக்கும், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் நாம எத்தனை நாள் இ-சேவை மையத்துல நின்னிருப்போம். அது உதவித்தொகையில பொருளாதாரம் படிச்ச ஒரு மனுஷன் திருப்பிச் செஞ்சது. நம்ம குழுவுல உள்கடன் வாங்கினவ கட்டினாத்தான் அடுத்தவளுக்குக் கடன். அதே முறைதான் இதுவும்.

நம்ம மாதிரிக் குழுக்களுக்கும் பொருளாதாரப் படிப்புக்கும் ஒரு உறவு இருக்கு, அதைச் சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். பங்களாதேஷ்ல முகமது யூனுஸ்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அவரும் உதவித்தொகையில அமெரிக்கா போய்ப் படிச்சவர்தான். 1976-ல தன் காலேஜுக்குப் பக்கத்துல ஜோப்ராங்கற கிராமத்துல கந்துவட்டியில மாட்டின 42 பேரோட மொத்தக் கடன் எவ்வளவுன்னு கணக்கெடுத்துப் பார்த்தா வெறும் 27 டாலர்தான். அதைத் தன் கையில இருந்து கொடுத்தார். அதுல இருந்துதான் கிராமீன் வங்கி வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 1989-ல தர்மபுரியில மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சது, 1992-ல நபார்டு வங்கி 500 குழுக்களை வெச்சு வங்கி இணைப்பைத் தொடங்கினது, அதெல்லாம் நம்ம முறை, அவர் முறை வேற. இவர் போய்க் கணக்கெடுக்காம இருந்திருந்தா 27 டாலர்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இப்போ நம்ம பொண்ணுங்களுக்கு வர்றேன். பிளஸ் டூ-வுல வணிகவியல் குரூப் எடுத்த பொண்ணுங்க எல்லாம் பொருளியல்னு ஒரு பாடம் படிச்சிருக்கும். அதுல நல்ல மார்க் வாங்கின பொண்ணும் டிகிரிக்கு அதை எடுக்கிறதில்லை. சீட்டு கிடைக்கலைன்னா எடுக்கிற பாடம்னு ஒரு பேச்சு. டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்கு இந்தியப் பொருளாதாரம் படிச்சே ஆகணும்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அந்தப் பேச்சு போகலை.

அரசுக் கல்லூரியில கட்டணம் பெரிசா இல்லை. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் வருது, 2022 செப்டம்பர்ல இருந்து. டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்லை. அப்புறம் ஏன் விடறாங்க? நான் எங்க ஊர்ல காலேஜை நிறுத்தின பொண்ணுங்க வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒருத்தி சொன்னா, பஸ் நம்ம ஊருக்கு வர்ற நேரமும் காலேஜ் நேரமும் ஒத்துப்போகலை, ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் காசு கேட்கறதுக்கு வெட்கமா இருந்துச்சுன்னு. ஒருத்திக்கு அம்மா ஆஸ்பத்திரியில ஒரு மாசம் இருந்தாங்க, தம்பிக்குச் சோறாக்கணும், வருகைப் பதிவு போச்சு, பரீட்சை எழுத விடலை. ஒருத்தி சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. காஞ்சிபுரம் போக வர அறுபது கிலோமீட்டர், மத்தியானம் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போக வீட்டுல விடியக்காலையில எதுவும் ஆகியிருக்காது, சாயந்திரம் வரைக்கும் தண்ணியைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பேன், மயக்கமா வரும்னு சொன்னா. அவ நிறுத்தினதுக்குக் காரணம் கேட்டவங்ககிட்ட எல்லாம் இங்கிலீஷ் புரியலைன்னு சொல்லியிருக்கா. பசின்னு சொல்ல முடியுமா?

அதனால நம்ம உதவித்தொகை ஃபீஸுக்குன்னு இருக்க வேணாம். ஷேர் ஆட்டோவுக்கு, மத்தியானச் சோத்துக்கு, புத்தகத்துக்கு, பரீட்சைக் கட்டணத்துக்கு, மாதவிடாய் நாப்கினுக்குன்னு இருக்கட்டும். ரசீது கேட்காதீங்க. ஷேர் ஆட்டோக்காரர் ரசீது தர மாட்டார்.

கணக்கு இப்படிப் போட்டிருக்கேன். ஒரு உறுப்பினர் மாசம் அஞ்சு ரூபாய். பன்னிரண்டு பேர் குழுவுக்கு மாசம் 60, வருஷத்துக்கு 720. இருபது குழு சேர்ந்தா 14,400. கடிதம் எழுதினவர் அதே அளவு போடறார், 28,800. ரெண்டு பொண்ணுக்குப் பிரிச்சா ஒருத்திக்கு மாசம் 1,200. ஆயிரம் ரூபாய் அரசாங்கப் பணத்தோட இதையும் சேர்த்தா பட்டினி இல்லாம மூணு வருஷம் படிச்சு முடிப்பா. இது இருபது குழு சேர்ந்தா. நம்ம கூட்டமைப்புல எத்தனை குழு இருக்குன்னு நான் சொல்லத் தேவையில்லை. சந்தா கூட்டறது முடியாதுன்னா கூட்டமைப்புக்கு வர்ற வட்டி வருமானத்துல இருந்து எடுக்கலாம். ஆனா எனக்கு அஞ்சு ரூபாய்தான் பிடிச்சிருக்கு. வட்டியில இருந்து எடுத்தா யார் பணம்னு யாருக்கும் தெரியாது. அஞ்சு ரூபாய் போட்டவ, அந்தப் பொண்ணைப் பஸ் ஸ்டாப்புல பார்த்தா செமஸ்டர் எப்படி எழுதினேன்னு கேட்பா.

பணம் சேர்க்கறதை விடக் கஷ்டமானது அதைச் சரியா கொண்டுபோய்ச் சேர்க்கறது. காஞ்சிபுரத்துல பச்சையப்பன் பேர்ல ஆண்கள் கல்லூரி, பெண்கள் கல்லூரி ரெண்டும் இருக்கே, அந்தப் பச்சையப்ப முதலியார் 1794-ல செத்துப்போனார், சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வெச்சிட்டுத்தான் போனார். ஆனா அந்தப் பணத்துக்கு வழக்கு மேல வழக்கு நடந்து, அதுல முதல் பள்ளிக்கூடம் சென்னையில வந்தது 1842-ல. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். அதுக்கு அப்புறம் அந்தப் பணத்துல படிச்சவங்க எத்தனையோ பேர். நம்ம காஞ்சிபுரத்து அண்ணா, நகராட்சியில கிளார்க்கா இருந்துட்டு, பச்சையப்பன் காலேஜ்ல பொருளாதாரமும் அரசியலும் எடுத்து எம்.ஏ. படிச்சவர்தான். அந்த ஐம்பது வருஷத்துல படிச்சிருக்க வேண்டியவங்க யார் யாரோ, படிக்காமலே போனாங்க.

கணக்குன்னு சொன்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுல, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால பராந்தக சோழன் காலத்துலயே, வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் திரும்ப நிக்கக் கூடாதுன்னு வெட்டி வெச்சிருக்காங்க. குடவோலை எடுத்துத் தேர்ந்தெடுத்தாங்கன்னு பெருமையா சொல்றோம். நிலம் இருக்கணும், வயசு 35-க்கு மேல இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும்னு ஏகப்பட்ட விதி. நம்ம பேரு எழுதின ஓலை அந்தக் குடத்துல விழுந்திருக்காது. போகட்டும். அந்தக் கணக்கு விதியை மட்டும் எடுத்துக்குவோம். பொண்ணைத் தேர்ந்தெடுக்கிற அஞ்சு பேர் குழுவுல தலைவி, செயலாளர் வீட்டுப் பொண்ணு அந்த வருஷம் விண்ணப்பிச்சிருந்தா அவங்க உட்காரக் கூடாது. ரெண்டு பேர் சமமா வந்தா சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்க, சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்க. யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

மார்க்கை மட்டும் பார்க்காதீங்க. அப்பா இல்லாத பொண்ணு, வீட்டுல முதல்ல காலேஜ் போற பொண்ணு, ஏரிக்கு அந்தப் பக்கம் பஸ் வராத ஊர்ப் பொண்ணு, இவங்களுக்கு முன்னுரிமை கொடுக்கணும். பேனர் வேண்டாம். மேடையில நிக்க வெச்சுப் பெரிய செக்கைக் கொடுத்துப் போட்டோ எடுக்கவும் வேண்டாம். பணம் கொடுக்கிறவரே பேர் வேணாம்னு சொல்லியிருக்கார், வாங்கற பொண்ணு பேரை நாம ஏன் ஊருக்கெல்லாம் காட்டணும்? வங்கிக் கணக்குல மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள போட்டா போதும்.

கல்யாணம் ஆகிப் போயிட்டான்னு ஒரு பேச்சு வந்துச்சு. போகட்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற நாம எல்லாருமே வேற ஊர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்தவங்கதான். எங்க அம்மா ஊர்க் குழுவுல நான் கத்துக்கிட்ட கணக்கைத்தான் இங்கே எழுதறேன். அவ போற ஊர்லயும் ஒரு குழு இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை வெச்சிருக்கேன், பிடிக்கலைன்னா எடுத்துடுங்க. உதவித்தொகை வாங்கற பொண்ணு வருஷத்துக்கு ரெண்டு நாள் நம்ம ஊராட்சிகளுக்கு வந்து, எந்தக் கடனுக்கு உண்மையான வட்டி எவ்வளவுன்னு காலண்டர் தாள்ல போட்டுக் காட்டணும். மூணாவது வருஷத்துல, தூசியில அந்தப் பசங்க எடுத்த மாதிரி, தன் ஊர்ல ஒரு கணக்கு எடுத்து நமக்குப் படிச்சுக் காட்டணும். வீட்டு வேலைக்கும் சேர்த்து.

தீர்மான நோட்டு பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. சம்மதம்னா ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும் சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னால கையெழுத்துப் போடுங்க. சம்மதம் இல்லாதவங்க காரணத்தை எழுதிக் கொடுங்க, அதையும் நோட்டுல ஏத்தணும். நிறைவேறினா, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பதினைஞ்சு நாளைக்குள்ள பொருளாதாரத்துக்கு விண்ணப்பிச்ச பொண்ணுங்க பேரைப் பிரதிநிதிகிட்ட கொடுங்க. மார்க் பட்டியல் நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் போதும். கவுன்சலிங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போக ஆள் இல்லைன்னா சொல்லுங்க, நான் வர்றேன்.